மற்றபடி

காலை ஆறு பத்து. கோப்பி ஆறுகிறது.
பகல்காரர் மூவர்: ஈரத் தலையோடு கொர்னேலியா,
கொட்டாவியோடு செனாடா,
சப்பாத்து நாடாவை முடிந்தபடி புதுப் பொடியன் யோனாஸ்.
தாளைப் பார்த்து வாசிக்கிறேன்.
பதினோராம் அறை, ஜன்னல் பக்கம், ஹெர் க்யூப்பர்ஸ்.
மூன்றரைக்கு மூச்சுத் திணறல். டாக்டர் வந்தார். ஊசி.
இப்போது பரவாயில்லை.
மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

மற்றபடி,
பத்தே முக்காலுக்கு அவர் மணி அழுத்தினார்.
தண்ணீரா? இல்லை. நோகுதா? இல்லை.
ரயில் ஓடுதா?
வூப்பர் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற ரயில்.
முப்பத்தொரு வருடம் அதன் சில்லுக்கு எண்ணெய் போட்டவர்.
ஓடுது, என்றேன்.
பதினொன்றரைக்கும் மணி. ஓடுது.
ஒன்றேகாலுக்கு: இனி விடியத்தான், நித்திரை கொள்ளுங்கோ.
சிரித்தார், பல் இல்லாமல்.
பல் பெட்டிக்குள். பெயர் எழுதி வைத்தது நான்தான்.

மற்றபடி, ஒன்பதாம் அறையில்
ஒரு முதிய பெண்ணை இரண்டு மணிக்குப் புரட்டினேன்.
முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால் இடுக்கில் ஒன்று,
குதிக்கால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க இன்னொன்று.
அவ என்னை மார்லீஸ் என்கிறா.
முதல் வாரம் திருத்தினேன்.
இப்போது மார்லீஸ் வருகிறா, மார்லீஸ் புரட்டுகிறா,
மார்லீஸ் போர்வையை இழுத்துவிடுகிறா.
தாளில் மட்டும் ஒப்பம்: ப. சுகிர்தா.

மூன்றே காலுக்கு என் கடிகாரம் நின்றது.
மணிக்கட்டில் எதுவும் கூடாது இங்கே,
காப்பு, மோதிரம், கோயில் நூல், ஒன்றும்.
நெஞ்சில் குத்தித் தொங்கும் சின்ன வட்டம்தான்.
ஊருக்கெல்லாம் தலைகீழ், குனிந்தால் எனக்கு மட்டும் நேர்.
விநாடி முள் நாலுக்குப் பக்கத்தில் துடித்தது,
தாண்டவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் க்யூப்பர்ஸ் இரைக்கத் தொடங்கினார்.
முள் இல்லாத ஒரு நிமிடம் எவ்வளவு நீளம்?
என் மூச்சைக் கோலாக வைத்து அளந்தேன்,
எனக்கு ஒன்று போக அவருக்கு ஒன்றரை.
கொஞ்சத்தில் எனக்கும் வேகமாகிவிட்டது.
அளக்கிற கோலே வளைந்தால் என்ன செய்வது?
கதவை அகலத் திறந்து,
ஒரு கால் அறைக்குள், ஒரு கால் நடைவழியில்,
ஒரு கண் சுவர்க் கடிகாரத்தில், மறு கண் அவர் நெஞ்சில்.
இருபத்தெட்டு.

டாக்டரை எழுப்பினேன்.
எத்தனை?
இருபத்தெட்டு.
சரியாத்தான் எண்ணினீங்களா?
பன்னிரண்டு வருடத்து இரவுகள் தொண்டைவரை வந்து
நின்றன.
வந்து எண்ணுங்கோ, என்றேன்.

வந்தார். எண்ணினார். எதுவும் சொல்லவில்லை.
தலைமாட்டை உயர்த்தி, ஒட்சிசன் வைத்து, ஊசியும் போட்டோம்.
பிறகு நான் குந்தியிருந்து பார்த்தது ஒரு பையை,
கட்டிலோரம் கொழுவிய சிறுநீர்ப் பை
துளி துளியாய் நிறைவதை.
நகைக்கடைத் தராசைக்கூட ஒருவரும்
அவ்வளவு ஆசையோடு பார்த்திருக்க மாட்டார்கள்.
நானூறு. அறுநூறு. மூச்சு இருபது.

விடிய முதல் ரயிலின் இரைச்சல் கேட்டது.
அவர் மணி அழுத்தவில்லை.
ஆனாலும் போனேன். நித்திரை.
ஓடுது, என்று கால்மாட்டில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறே முக்காலுக்கு அதே ரயிலில் நான்.
அம்மா போனில்: இரவு எப்படி, ஏதும் விசேஷமோ?
அந்தக் கேள்விக்குள் அவ வேறொன்றைக் கேட்கிறா,
எனக்குத் தெரியும். இல்லை அம்மா, என்றேன்.
ஜன்னலில் தலை சாய்த்ததுதான் நினைவு.
இறங்குமிடம் போனது. கடைசி நிலையத்தில்
ரயில் வளைந்து திரும்பியதும் தெரியவில்லை.

கண் விழிக்கையில் ஆஸ்பத்திரி நிறுத்தம்.
கதவு திறந்து நிற்கிறது.
மூன்றாம் மாடி ஜன்னலொன்றில் திரையை விலக்குகிறார்கள்,
யோனாஸாய் இருக்கும்.
நெஞ்சைக் குனிந்து பார்க்கிறேன், மூன்றே கால்.
கடிகாரக் கடை பத்துக்குத்தான் திறக்கும்.
கதவு மூடும்வரை
இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.